தங்கம் மட்டும் பாடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பிரெஞ்சு ஃப்ளூட் கலைஞர் ழான் பியர் ராம்பால் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். பாதிக் கட்டுரையை அவருடைய தங்கக் குழலே அடைத்துக்கொண்டுவிட்டது. சுவையான கதைதான், மறுக்கவில்லை. 1869ல் குழல் தயாரிப்பாளர் லூயி லோ செய்த குழல் அது. உருக்கித் தங்கமாக விற்றுவிட நினைத்த ஒரு பழம்பொருள் வியாபாரி மூலம் 1948ல் ராம்பால் கைக்கு வந்து பிழைத்தது. ஆனால் அவருடைய நாதத்துக்கே அந்தத் தங்கம்தான் காரணம் என்பதுபோல் முடித்திருந்ததுதான் உறுத்தியது.

நம் ஊரில் ஒரு வித்வானை அறிமுகம் செய்யும்போது யாரிடம் பாடம் என்று சொல்லாமல் விடுவோமா? ராம்பாலின் பரம்பரை பால் தஃபானெலிடம் போய் நிற்கிறது. 1893 முதல் 1908ல் காலமாகும் வரை பாரிஸ் கன்செர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் ஃப்ளூட் பேராசிரியராக இருந்தவர். விரல் வேகத்தைக் காட்டும் உருப்படிகளே கொடிகட்டிப் பறந்த காலத்தில், மாணவர்களை பாக், மொசார்ட் பக்கம் திருப்பியவர். அவருடைய மாணவர் எனெபேன். எனெபேனிடம் படித்தவர் மார்செய் நகரத்து ஜோசஃப் ராம்பால். அவர் மகன்தான் நம் ராம்பால். வீட்டில் மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். 1943ல் பிரான்ஸைப் பிடித்திருந்த ஜெர்மானியர்களின் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தபோது தப்பி, பாரிஸில் ஒளிந்து வாழ்ந்தபடியே கன்செர்வத்வாரில் சேர்ந்து, சில மாதங்களிலேயே முதல் பரிசு வாங்கினார். இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் 'ஒரு ஃபானின் பிற்பகல்' (ஃபான் என்பது பாதி மனிதன், பாதி ஆடு உருவ வனதேவதை) என்ற வாத்தியக்குழு முன்னிசை, ஃப்ளூட்டின் தனி வாசிப்போடுதான் தொடங்கும். முதல் ஸ்வரம் சி ஷார்ப். அதற்குக் குழலில் விரல்கள் ஏறக்குறைய எல்லாமே தூக்கியபடி இருக்கும். வலது சுண்டுவிரல் மட்டும் ஒரு கீயை (துளை மூடியை இயக்கும் பொத்தானை) அழுத்தியிருக்கும். உதடு கொஞ்சம் பிசகினால் சுருதி ஓடிவிடும், ஒலியும் வெளிறிப்போகும். அங்கே குழல் எந்த உலோகமானால் என்ன? 1894 டிசம்பரில் அதை முதன்முதலாக அரங்கில் வாசித்தவர் ஜார்ஜ் பாரேர். அப்போது அவருக்கு வயது 18, தஃபானெலின் மாணவர்.

என் மகள் ஃப்ளூட் கற்கிறாள். தஃபானெலிடமும் பாடம் கேட்ட ஃப்ளூட் கலைஞர் மார்செல் மொயீஸ் 1934ல் வெளியிட்ட நாதப் பயிற்சிப் புத்தகம்தான் தினமும் காலையில். முதல் பக்கத்தில் பி ஸ்வரத்திலிருந்து அரை ஸ்வரம் இறங்குவது, அவ்வளவுதான். இரண்டாவது ஸ்வரம் முதலாவதைப் போலவே ஒலிக்கும் வரை அங்கிருந்து நகரக் கூடாது. மூன்று வாரம் பொறுத்த பக்கத்து வீட்டு அம்மா, "பாட்டு எப்பம்மா வரும்?" என்று கேட்டேவிட்டார். சரி, அவருக்கு என்ன பதில் சொல்ல! மகளுடையது வெறும் வெள்ளிப்பூச்சுக் குழல். இந்த மாதம்தான் அந்த இரண்டு ஸ்வரமும் ஒட்டி வருகின்றன.

கட்டுரையாளர் ராம்பாலைப் பற்றி இன்னொரு பகுதி எழுதுவதாக இருந்தால், பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க்கின் ஃப்ளூட் சொனாட்டாவில் (ஃப்ளூட்டும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட படைப்பு) தொடங்கலாம். 1957ல் ஸ்ட்ராஸ்பர்கில் பூலாங்க் பியானோவில் அமர, ராம்பால் அரங்கேற்றிய படைப்பு அது. அதன் இரண்டாம் பகுதியை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், சென்னை