காரின் இடது ஜன்னல் கண்ணாடி ஏறாவிட்டால் எங்கே பார்ப்பது

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

இனி கார். இடப்பக்க ஜன்னல் கண்ணாடி இறங்குகிறது, ஏற மறுக்கிறது. கடையில் சுவிட்சை மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். இப்போதே வாங்காதே. எந்தச் சுவிட்ச் கெட்டது என்பதே இன்னும் தெரியவில்லை.

உன் வண்டி பழைய ஐந்து பின் வகை; அதாவது இடது கதவுச் சுவிட்சில் ஐந்து உலோக முனைகள்: சப்ளைக்கு ஒன்று, மோட்டாருக்கு இரண்டு, மெயின் சுவிட்சிலிருந்து இரண்டு. சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரண்டு வயருமே எர்த்தில்தான், அதாவது பேட்டரி நெகட்டிவில்தான் இருக்கும். ஏற்ற அழுத்தினால் ஒன்று மட்டும் 12 வோல்ட்டுக்கு மாறும். மற்றது எர்த்திலேயே நிற்கும். அந்த எர்த் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடது கதவுக்கு அது டிரைவர் பக்கத்து மெயின் சுவிட்சுக்குள் போய்த்தான் வருகிறது. மெயின் சுவிட்சில் ஒரு காண்டாக்ட் கருகினாலும் படுத்துக்கொள்வது இடது கண்ணாடிதான். இறங்கும்போது மோட்டார் நன்றாக ஓடுவதால், மோட்டார் மீதும் அதன் இரண்டு வயர் மீதும் சந்தேகம் குறைவு. ஆனால் ஏற்றத்துக்குக் கரண்ட் அதிகம் வேண்டும் என்பதால், கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிடு.

பிறகு மல்டிமீட்டரை எடு. சாவியை ஆன் செய்து, இடது சுவிட்சில் வயர்களைச் சேர்க்கும் கப்ளரைக் (பிளக்கை) கழற்றாமல் அதன் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றி அளந்தால், ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டும். லோடு ஏறினால்தான் அதன் குட்டு வெளிப்படும். மீட்டரின் கறுப்பு ஊசியை பாடியில் வைத்துக்கொண்டு, யாரையாவது இடது கதவுச் சுவிட்சை ஏற்றும் பக்கம் அழுத்தச் சொல். மோட்டாருக்கு 12 வோல்ட் போக வேண்டிய வயரில் ஒன்றுமே இல்லையென்றால், சுவிட்சுக்குள் வரும் சப்ளை பின்னைப் பார். அங்கே 12 இருந்தால் இடது சுவிட்ச் போய்விட்டது. சப்ளை சரியாகப் போகிறதென்றால் எர்த் பக்கத்து மோட்டார் வயரைத் தொடு. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கேயும் 12 வோல்ட் காட்டினால் எர்த் கிடைக்கவில்லை என்று பொருள். உடனே மெயின் சுவிட்சிலிருந்து அந்த எர்த்தைக் கொண்டுவரும் பின்னுக்கு ஊசியை மாற்று. அதிலும் 12 என்றால் இடது சுவிட்ச் நிரபராதி. வயரையோ மெயின் சுவிட்சையோ பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் குற்றவாளி இடது சுவிட்ச்தான்.

வயர் என்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள்தான் முதலில் தேடு. கதவைத் திறந்து மூடி மூடி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு முறிந்திருக்கும். அழுத்தியபடியே கதவை மெல்ல ஆட்டு. கண்ணாடி விட்டுவிட்டு ஏறினால் அதுதான்.

வைத்திக்குப்பத்தில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறாய். உப்புக்காற்றில் பின்களில் பச்சைக் களிம்பு ஏறாமல் இராது. டெர்மினலில் களிம்பு இருந்தால் சுவிட்ச் புதிதாக இருந்தும் பயனில்லை. எலக்ட்ரிகல் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடு. சுவிட்சுக்குள் இருக்கும் காண்டாக்டை உப்புத்தாளால் சுரண்டாதே. மேல்பூச்சு போனால் கொஞ்ச நாளில் மறுபடி கருகும். கப்ளரின் ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடு, ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தாங்கும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்று. பேனலைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பு. ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் கிளிப் உடையும். கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்று, வயரைப் பிடித்து இழுக்காதே. பழைய சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போ. வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு சுவிட்சுகளில் பின் வரிசை வேறாக இருப்பதுண்டு, முக்கியமாக ஒரே அழுத்தில் முழுதும் இறங்கும் மாடல்களில். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று யாராவது பெரிய ஆம்பியரில் போடச் சொன்னால் சம்மதிக்காதே. வயர் உருகித் தீப்பிடிக்கும்.

பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, உண்மையில் அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பின்னால் வருபவனுக்கு நீ பிரேக் போடுவது தெரியாது, பேட்டரியும் இறங்கும். பெடலுக்கு மேலே பிரேக் சுவிட்ச் இருக்கிறது. பெடல் மேலே வந்ததும் அதன் முனையை முழுதும் அழுத்த வேண்டும். பெடல் பட்டையில் முனை படும் இடத்தில் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ சின்னக் கட்டை ஒன்று இருக்கும். அது பொடிந்து விழுந்தால் முனை ஓட்டைக்குள் போய்விடும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கால்மிதியில் அதன் துணுக்குகள் கிடக்கின்றனவா பார். கிடந்தால் சுவிட்ச் வேண்டாம், அந்தக் கட்டை மட்டும் போதும். கட்டை சரியாக இருந்தால் முனையை விரலால் அழுத்து. அப்போதும் அணையவில்லை என்றால் சுவிட்சை மாற்றிவிடு.

ஜன்னல் மோட்டாரின் இரண்டு வயரிலும் என்ன அளவு வந்தது, எந்தப் பின்னில் வந்தது என்று எழுது. மெயின் சுவிட்ச் என்று முடிவானால் கப்ளரைப் படம் எடுத்து அனுப்பு, இங்கே கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்