கயலுக்கு: மீட்டர் யார் கையில்?

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கயல்,

தான்சானியாவில் உன் தார் எஸ் சலாம் புழுக்கம் நம்ம ஊர் மே மாதத்தைத் தோற்கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். வெளியே கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை மறக்காதே.

நீ கேட்டதும் தண்ணீரைப் பற்றித்தான். "அரசு நடத்தணுமா, தனியார் நடத்தணுமா, நீ எந்தப் பக்கம்மா?" என்றாய். அடுத்த மாதம் ஒரு நகரத்தின் குடிநீர் ஒப்பந்த வரைவு உன் மேஜைக்கு வரப் போகிறது என்றால், அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்; பக்கம் எடுப்பதைப் பிறகு பார்க்கலாம். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். கொடுத்த பணத்துக்கு என்ன வந்தது என்று அளக்கத் தெரிந்த ஆள் அரசுப் பக்கம் உண்டா என்று நீ முதலில் கேள். அப்படி ஓர் ஆள் இல்லாத அரசு தானே நடத்தினாலும் பணம் வீணாகும், தனியாரிடம் கொடுத்தாலும் ஏமாறும்.

நம் கடற்கரையிலேயே இதற்கு இரண்டு உதாரணம் இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010ல் ஓடத் தொடங்கிய கடல்நீர் ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர். தனியார் கூட்டு நிறுவனம் முதல் போட்டுக் கட்டி, தானே நடத்தி, 25 வருடம் குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர் விற்று, கடைசியில் ஆலையை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தெற்கே நெம்மேலியில் 2013ல் வந்த ஆலைக்கும் அதே 10 கோடி லிட்டர்தான். ஆனால் அது அரசுப் பணத்தில் கட்டியது, வாரியத்தின் சொத்து. தனியார் நிறுவனம் கட்டிக் கொடுத்து, குறிப்பிட்ட வருடங்களுக்கு இயக்கிப் பராமரிக்கும் கூலியை வாங்கியது. குழாயைத் திறக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது.

காகிதத்துக்குப் போகும் முன் ஆலையைப் புரிந்துகொள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மணல் வடிகட்டியில் சேறும் பாசியும் நீக்கி, 60 முதல் 70 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல அத்தனை மடங்கு) ஆர்.ஓ. மெம்பரேனுக்குள், அதாவது உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வுக்குள் தள்ளுகிறார்கள். எடுக்கும் நீரில் பாதிகூட நல்ல தண்ணீராக வராது; மீதி அடர்த்தியான உப்புநீராகக் கடலுக்கே திரும்பும். இந்த அழுத்தத்துக்குத்தான் கரண்ட் செலவு: ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். 4 என்றே வைத்துக்கொள். 10 கோடி லிட்டருக்கு நாளுக்கு 4 லட்சம் யூனிட். மின்கட்டணம் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் ஒரு நாள் செலவு 4 லட்சம் ரூபாய் ஏறும். அந்த 4 லட்சம் யார் தலையில்? ஒப்பந்தத்தில் நீ தேட வேண்டிய முதல் வரி இது. பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் வைத்திருப்பார்கள். கட்டண விகிதத்தைத் தனியாரால் மாற்ற முடியாது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போனால் கூடுதல் செலவு நடத்துகிறவருடையது என்று உச்சவரம்பு எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய பம்பையும் அடைத்துப்போன மெம்பரேனையும் மாற்ற அவருக்கு எந்த அவசரமும் இருக்காது. கரண்ட் பில் வேறொருவர் கட்டுவது!

அடுத்து, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் தரும் கட்டாயம். மீஞ்சூர் மாதிரி ஆலைக்கு வங்கி கடன் கொடுக்க வேண்டுமென்றால், நிலையான வருமானம் வரும் என்று உறுதி கேட்கும். அதனால் இத்தகைய ஒப்பந்தங்களில் அரசு குறைந்தபட்ச அளவுக்குப் பொறுப்பேற்கிறது. மீஞ்சூரில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல். முழு அளவும் வாங்கினால் நாளுக்கு 48 லட்சம், வருடத்துக்கு ஏறத்தாழ 175 கோடி. 2015 டிசம்பர் மாதிரி பூண்டி, செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் எல்லாம் நிரம்பி வழியும்போது, மேலிருந்து சும்மா வரும் நீரைக் கடலுக்கு விட்டுக்கொண்டே கடலிலிருந்து நீர் வாங்குவது எரிச்சலாக இருக்கும். 2019 ஜூனில் அதே ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். முழு அளவில் ஓடும் ஒரு கடல்நீர் ஆலை ஒரே நாளில் 40 நடைக்கு ஈடு. ஆக, கட்டாயக் கொள்முதலைத் திட்டுவதற்கு முன் அதைக் காப்பீட்டுத் தவணையாகப் பார். எத்தனை வறண்ட வருடத்துக்காக எத்தனை நிறைந்த வருடம் பணம் கட்டுகிறோம் என்று கணக்குப் போடு. அந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன் போட்டார்களா என்று கேள்.

நஷ்டம் வந்தால் தனியார் தாங்குவார் என்பார்கள். பாதிதான் உண்மை. மீஞ்சூர் கூட்டில் ஒருவரான ஐவிஆர்சிஎல் 2018ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கம்பெனி மூழ்கலாம், ஊருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. கடைசிப் பொறுப்பு எப்போதும் அரசிடம்தான் வந்து சேரும். அதனால் கடன் கொடுத்த வங்கிகளும் அரசும் எத்தனை நாளில் ஆலைக்குள் நுழைந்து தாமே இயக்கலாம், அதுவரை ஆட்களின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

நீ இருக்கும் ஊரிலேயே இதற்குப் பாடம் உண்டு, உன் அலுவலகத்தில் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பார். 2003ல் தார் எஸ் சலாம் குடிநீரைப் பத்து வருடக் குத்தகையில் சிட்டி வாட்டர் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். டெண்டரில் நின்றது அதன் பின்னால் இருந்த ஒரே கூட்டணிதான். 2005 மே மாதத்திலேயே அரசு ரத்து செய்தது. பிறகு வருடக்கணக்காக வழக்கு. எத்தனை இணைப்பு, எவ்வளவு கசிவு, யார் பணம் கட்டுகிறார்கள் என்ற அடிப்படைக் கணக்கு சரியில்லாமல் ஒருவர் விலை சொன்னால், அது குருட்டு விலை. முதல் வருடமே வசூல் குறையும், குத்தகைப் பணம் நிற்கும், சண்டை தொடங்கும். எனவே டெண்டருக்கு முன் ஒரு வருடமாவது ஒவ்வொரு நீர்த்தேக்கத் தொட்டி வாயிலிலும் மீட்டர் வைத்து ஓட்டத்தைப் பதியச் சொல். அந்தச் செலவு அதிகாரிகளுக்கு வீண் என்று தோன்றும். விடாதே.

எடையை வைத்துப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் குப்பையில் பார்க்கலாம். சென்னை 2000லிருந்தே சில மண்டலங்களில் குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுத்த நகரம். டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் எடைமேடையில் ஏறும் லாரி கனமாக இருப்பதுதான் லாபம். கட்டட இடிபாடும் மண்ணும் குப்பையோடு ஏறும். ஈரக் குப்பை ஈரமாகவே ஏறும். மக்கும் குப்பையைப் பிரித்துத் தெருவிலேயே உரமாக்கினால் எடை குறையும், வருமானம் போகும்; யார் பிரிப்பார்கள்? 2020ல் தொடங்கிய ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு வந்தார்களா, தொட்டி நிரம்பி வழிகிறதா, பிரித்து வாங்கினார்களா என்ற குறியீடுகளுக்கு மாறினார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் அந்தக் குறியீடுகளைத் தினமும் தெருவில் நின்று சரிபார்க்க மாநகராட்சிக்கு ஆள் வேண்டும். மேற்பார்வையாளர் பதவியைக் காலியாக வைத்துக்கொண்டு குறியீடு எழுதிப் பயனில்லை.

இன்னொன்றும் மறக்காதே. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாரிடம் மாற்றினால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்பது அவர்களுடைய முக்கியக் கவலை. தனியார் வந்தால் செலவு குறையும் என்று ஒரு அறிக்கை சொன்னால், குறைவது எங்கிருந்து என்று பிரித்துக் காட்டச் சொல். நல்ல வண்டி, சரியான ரூட், வீணாகாத டீசல் இவற்றிலிருந்து வந்தால் அது சிக்கனம். பெருக்குகிற பெண்ணின் சம்பளத்திலிருந்து வந்தால் அதைச் சிக்கனம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பாது, உனக்கும் ஒப்பக் கூடாது.

சரி, அரசும் தனியாரும் சேர்ந்து ஒழுங்காக நடத்துவது இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பாய்: தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். மாத்திரையைச் செய்வது தனியார் கம்பெனி. வாங்குவது 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதை மட்டும், பிராண்ட் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில் வாங்குவார்கள். டெண்டர் இரண்டு உறையில் வரும். முதல் உறையில் தகுதி: அந்த மருந்தை எத்தனை வருடமாகச் செய்கிறார், விற்றுமுதல் என்ன, தரச் சான்று உண்டா. அதில் தேறினவரின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பதே ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு எடுக்கலாம் என்று எழுதி, எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். எந்தக் கிடங்கில் எது தீர்கிறது என்பது கணினியில் தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே மாதிரியில் கழகம் அமைத்தன.

இதில் அரசு ஒரு மாத்திரைகூடச் செய்யவில்லை என்பதைக் கவனி. பட்டியல், சோதனை, கிடங்கு, பணம் நான்கையும் தன் கையில் வைத்துக்கொண்டது. எங்கும் இந்த அமைப்பு கெடுவது பணத்தில்தான். பில்லுக்கு மாதக்கணக்கில் காக்க வைத்தால் நல்ல கம்பெனி அடுத்த டெண்டருக்கு வராது. வருகிறவர் காத்திருப்புக்கும் சேர்த்து விலை போடுவார்.

அரசு தானே செய்வது எல்லாம் மட்டம் என்றும் எண்ணிவிடாதே. ஐ.சி.எஃப். 1955லிருந்து ஓடும் மத்திய அரசின் ரயில்பெட்டித் தொழிற்சாலை. 2018ல் முதல் வந்தே பாரத் ரயிலைச் சுமார் 18 மாதத்தில் வடிவமைத்து வெளியே விட்டது. சீட், கதவு, மோட்டார் என்று எத்தனையோ பாகங்கள் தனியார் கொடுத்தவை. வடிவமைப்பும் ஒன்று சேர்ப்பும் சோதனையும் தொழிற்சாலையுடையவை. ஆவினும் அப்படித்தான், வேறு விதத்தில். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம், லிட்டர் 40 ரூபாய் (2025 நிலவரம்) என்று ஒரு விலை சந்தையில் நிற்கும்வரை தனியார் பால் ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. ஆனால் அந்த விலைக்குள் மாடு வளர்க்கிறவருக்குக் கட்டுப்படியாகும் கொள்முதல் விலையும் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தனியார் வண்டிக்கு ஊற்றிவிடுவார், பூத்தில் பாக்கெட் குறையும்.

எந்த ஒப்பந்தமும் இல்லாத தனியாரும் உண்டு, அதையும் பார். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்குமாடிகளுக்கு ஓடும் தண்ணீர் லாரிகள். 12,000, 24,000 லிட்டர் லாரிகள் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் உறிஞ்சுகின்றன. எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு மீட்டர் இல்லை. குடியிருப்பவர் சந்தை விலை கொடுக்கிறார், கிராமத்துக் கிணறு வற்றுகிறது. அந்த நஷ்டம் எந்த பில்லிலும் ஏறுவதில்லை. குழாய் போடாமல் அரசு ஒதுங்கி நின்ற இடத்தில் நடப்பது இது.

உன் வரைவு வந்ததும் முன்னுரையை விட்டுவிட்டு நேராகப் பின்னிணைப்புகளுக்குப் போ. மீட்டர் எந்த இடத்தில்? ஆலை வாயிலிலா, ஊர் எல்லையிலா? இரண்டுக்கும் நடுவே கசிவது யாருடைய நஷ்டம் என்பதை அந்த ஒரு இடம் தீர்மானிக்கும். மீட்டரைச் சோதித்து முத்திரை வைப்பது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? பதிவுகளின் நகல் அரசின் கணினிக்கு நேரடியாக வருகிறதா, மாதக் கடைசியில் அவர்கள் அனுப்பும் தாளாக மட்டும் வருகிறதா? தாளாக மட்டும் வந்தால் அந்த நிபந்தனையைத் திருத்தாமல் அடுத்த பக்கம் போகாதே. பிறகு ஒப்படைப்பு அட்டவணை. கடைசி வருடங்களில் பராமரிப்பைக் குறைத்து லாபம் எடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு. முடிவுக்கு இரண்டு, மூன்று வருடம் முன்பே கூட்டு ஆய்வு, பம்புக்கும் மெம்பரேனுக்கும் மீதமிருக்க வேண்டிய ஆயுள், அதுவரை பிடித்து வைக்கும் தொகை மூன்றும் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். "நல்ல நிலையில்" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அடிக்கோடு போடு, அந்த இடத்தில் எண் கேள்.

அரசுப் பக்கம் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர், ஒரு கணக்கர், ஒரு வழக்கறிஞர், களத்துக்குப் போகிற இரண்டு பேர் வேண்டும். ஒப்பந்தக் காலம் முழுவதும் அவர்கள் சம்பளத்துக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பட்ஜெட்டில் தேடு. இல்லையென்றால் உன் குறிப்பில் அதை முதல் பத்தியாக வை.

பொடி டப்பா இரண்டும் கூரியரில் போட்டாயிற்று. வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அம்மா