பழைய சோண்டு தீர்வதற்குள் ஒரு வேண்டுகோள்

மேல்வளி அளவீட்டுக்குப் பொறுப்பான வானிலைத் துறையினருக்கு,

வணக்கம். பலூனில் கட்டி அனுப்பும் ரேடியோசோண்டின் (உயரக் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து வானொலியில் அனுப்பும் சிறு கருவி, சுருக்கமாகச் சோண்டு) மாடலை மாற்றுவது உங்களுக்கு ஒரு கொள்முதல் கோப்பு. முப்பது நாற்பது ஆண்டுப் பதிவை அடுக்கிவைத்து வெப்பநிலை எப்படி நகர்கிறது என்று தேடுபவர்களுக்கோ, அளவுகோலே கைமாறுகிற நாள். நாங்கள் தேடுவது பத்தாண்டுக்கு ஒரு டிகிரியில் பத்தில் சில பங்கு மாற்றம். கருவி மாறினாலே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடலாம்.

பின்லாந்து நிறுவனமான வைசாலாவின் பழைய சோண்டு ஆர்எஸ்92-ஐயும் 2013-இல் வந்த புதிய ஆர்எஸ்41-ஐயும் பாருங்கள். பழையதில் ஈரப்பத சென்சார் இரண்டு. ஒன்று உறைபனி போகச் சூடேறும்போது மற்றது அளக்கும். பகலில் வெயில் பட்டால் சென்சார் காற்றைவிடச் சூடாகி, இருக்கிற ஈரத்தைக் குறைத்துக் காட்டும். பிறகு மென்பொருளில் திருத்தம் சேர்த்தார்கள். ஆக, ஒரே மாடலின் பதிவிலேயே இரண்டு காலம்! புதியதில் ஈரப்பதச் சில்லோடு வெப்பநிலை சென்சாரும் ஒட்டியிருப்பதால், தான் எவ்வளவு சூடு என்று அதற்கே தெரியும்.

மேகத்தைத் தாண்டி வறண்ட காற்றுக்குள் நுழையும் இடம் இன்னும் சுவாரசியம். நனைந்த சென்சாரிலிருந்து நீர் ஆவியாக, ஆர்எஸ்92-இன் வெப்பநிலைக் கோடு சட்டென்று உள்வாங்கும். ஈரத்துணி காற்றில் சில்லிடுவது போலத்தான். ஆர்எஸ்41-இல் அந்தப் பள்ளம் குறைவு. பழைய வரைபடத்தில் அதை நிஜக் குளிர் என்று நினைத்தவர்கள் உண்டு, என்னையும் சேர்த்து.

பறக்கவிடுமுன் செய்யும் தரைச் சோதனையும் மாறிவிட்டது. முன்பு ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள பெட்டியில் வைத்து, ஈரமே இல்லாதபோது பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்ப்போம். மணிகள் பழசானால் அந்தப் பிழை பதிவு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இப்போது சென்சாரே தன்னைச் சூடாக்கிப் பூஜ்யம் பார்த்துக்கொள்கிறது. புதியது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேலான கருவியும் பதிவின் நடுவில், வானம் மாறாமலே எண் மட்டும் தாவும் ஒரு படிக்கட்டை வைத்துவிட்டுப் போகும்.

ஆகவே, இரண்டையும் ஒரே பலூனில் ஒரு கழியின் இரு முனையில் தொங்கவிட்டு அனுப்புங்கள். மேல்வளியைத் துல்லியமாக அளக்கும் உலகளாவிய ஜிருவான் (GRUAN) வலையமைப்பின் நிலையங்கள் இப்படித்தான் செய்தன. 2010-இல் சீனாவின் யாங்ஜியாங்கில் உலக வானிலை அமைப்பு நடத்திய ஒப்பீடு இதற்கு ஈடாகாது. வெயிலின் சாய்வும் மேகமும் ஈரமும் இடத்துக்கு இடம் வேறு. பகலிலும் இரவிலும், எல்லாப் பருவத்திலும் வேண்டும். வானம் தெளிந்த நாளாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். திருத்தப்படாத மூல அளவுகளையும் மென்பொருள் பதிப்பையும் சேர்த்து வையுங்கள்.

அதற்காகவே, கிடங்கில் மிச்சமிருக்கும் பழைய சோண்டுகளை அன்றாடப் பறப்பில் செலவழித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுகளை வைத்து வேலை செய்யும் ஒருவர்