கண்ணாடிப் பள்ளிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில், ஹன்ஸ்டன்டன் ஊரில் எஃகும் கண்ணாடியுமாக எழுந்த உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றைத் தமிழில் தொகுக்கத் தோள்கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, எங்கள் தலைப்பைத் திருத்தியவருக்கு. பள்ளியின் பழைய பெயரில் வரும் ‘செகண்டரி மாடர்ன்’ என்பதை ‘நவீன உயர்நிலைப் பள்ளி’ என்று எழுதியிருந்தோம். அது தவறான பொருள் தரும். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதுத் தேர்வில், படிப்பில் தேர்ந்தவர்களுக்கான கிராமர் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பள்ளிதான் செகண்டரி மாடர்ன். அதில் நவீனம் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தப் பள்ளியின் கட்டடம் நிஜமாகவே நவீனமாக அமைந்தது வேடிக்கைதான்.

ஆண்டுகளைச் சரிபார்த்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கட்டடக் கலைஞர்களான அலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதி இந்தப் பள்ளிக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றது 1950இல். கட்டி முடித்தது 1954இல். போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு வேலையை இழுத்தடித்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாக்கிவிட்டால் அந்தத் தாமதமே கண்ணில் படாது. பள்ளியின் இன்றைய பெயரான ஸ்மித்டன் பிற்காலத்தது, அதை 1954க்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும் நீங்கள்தான்.

வெல்டிங் தெரிந்த நண்பருக்குத் தனி நன்றி. பள்ளியின் சன்னல் கண்ணாடிகள் ஏன் விரிசல் விட்டன என்பதை அவர் படம் போட்டே விளக்கிவிட்டார். பொதுவாகச் சன்னல் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். இங்கே சட்டத்தை எஃகுத் தூணோடு நேரடியாகப் பற்றவைத்துவிட்டார்கள். வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும். காற்றடித்தால் லேசாக வளையும். அந்த அசைவை வாங்கிக்கொள்ள இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் கண்ணாடிமேல் இறங்குகிறது. கோடையில் வகுப்பறை கொதிக்கும், குளிர்காலத்தில் விறைக்கும். பின்னாளில் பல கண்ணாடிகள் இருந்த இடத்தில் கறுப்பு நிற அடைப்புப் பலகை வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், இஷ்டத்துக்குச் சன்னலை மாற்றவும் முடியாது.

வரைபடம் படிக்கக் கற்றுத்தந்தவர்களே, மாடியில் நீளமான நடைபாதை இல்லை, வகுப்பறைகளுக்கு ஆங்காங்கே படிக்கட்டுகள்தான் என்பதை நீங்கள் காட்டியிராவிட்டால் கவனித்திருக்கவே மாட்டோம். கைகழுவும் தொட்டியின் குழாய் சுவருக்குள் ஒளியாமல் வெளியே தெரிய இறங்கி, தரையிலுள்ள திறந்த வாய்க்காலில் தண்ணீரை விடுகிறதே, அந்தப் படம்தான் தொகுப்பின் முதல் பக்கத்தில் வருகிறது.