உப்புத்தாளை எடுக்கும் முன்: துப்பாக்கி பழுதுபார்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை நண்பர்களுக்கு, வணக்கம்.

அப்பா விட்டுப்போன பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று மேசைக்கு வந்ததும், "புதுசு மாதிரி ஆக்கிடலாம்" என்கிறீர்கள். கொண்டுவந்தவர் கேட்டது அதுவல்ல. ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும்போது விரல்கள் சுற்றிப் பிடிக்கும் இடத்தில், மேகசீனின் (தோட்டாக்கள் அடைக்கும் பகுதியின்) அடித்தகட்டோரம், இரும்பின் கருநீல மெருகு தேய்ந்து வெள்ளையாக இரும்பு தெரியும். கன்னம் படிந்த இடத்தில் மரம் கறுத்திருக்கும். அவருக்கு அப்பா இருப்பது அங்கேதான்.

பஃபிங் சக்கரத்தில் வைத்தால் கூர்விளிம்புகள் மழுங்கும், ஸ்க்ரூ துளைகளின் ஓரம் குழியும், பொறித்த எழுத்து மங்கும். போன இரும்பை எந்தப் பூச்சும் திருப்பித் தராது. அதற்குமேல், புதிதாகக் கருநீலம் ஏற்ற, சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் சோடா தொட்டி! ஈயப்பற்று வைத்த இரட்டைக்குழலை அதில் இறக்கினால் பற்றே அரித்துப்போகும். துருதான் தொல்லை என்றால் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, 0000 எண் இரும்புப் பஞ்சால் லேசாகத் தேயுங்கள். செந்துரு போய்விடும், கருநீலம் பெரும்பாலும் நிற்கும்.

துப்பாக்கியின் மரக்கட்டைக்கு உப்புத்தாளே வேண்டாம். இரும்பைவிட மரம் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படிதான் பொருத்தியிருப்பார்கள். தேய்த்தால் அது தாழ்ந்து, காலம் முழுக்கக் கண்ணை உறுத்தும். நசுங்கிய பள்ளத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்தால், ஆவியில் நார் உப்பி எழும்பும். சிராய்த்து மரமே போன இடம் எழும்பாது, விட்டுவிடுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும். (அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்.)

பாதுகாப்பில் மட்டும் பாசத்துக்கு இடமில்லை. தோட்டா அறையின் ஆழம் அளவு மீறியதா என்று காட்டும் நோ-கோ அளவியை வைத்து, அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் முழுதாக மூடினால், மேலும் சோதிக்காமல் சுடக் கொடுக்காதீர்கள். சுட்ட தோட்டா உறையின் அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். உறை அங்கேதான் இரண்டாகும். போல்ட்டைப் பிரித்தால் பழைய கிரீஸ் அரக்காக இறுகியிருக்கும். குளிரில் தோட்டா வெடிக்காமல் போவதற்குப் பல சமயம் அதுதான் காரணம், ஸ்பிரிங் அல்ல. பற்றவைக்கும் மருந்தில் குளோரேட் கலந்த பழைய தோட்டா சுட்ட குழலில் உப்பு தங்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றி, காயவைத்து, பிறகு எண்ணெய் விடுங்கள். துப்புரவுக் கம்பியைப் பின்பக்கமாகவே செலுத்துங்கள், குழல்வாய் தேய்ந்தால் குறி சிதறும்.

போல்ட்டுக்குப் பின்னால் கட்டையில் மெல்லிய கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுத்தியே வைத்த துப்பாக்கியில் எண்ணெய் வடிந்து அங்கே மரம் இளகியிருக்கும்.

கடைசியாக, ஸ்க்ரூவோ ஸ்பிரிங்கோ மாற்றினால் பழையதைக் குப்பையில் போடாமல் ஒரு சிறு பையில் கட்டி, துப்பாக்கியோடு திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரைஃபிள்களை வைத்திருப்போர்