முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புதன்கிழமை போனில், "அடுத்த மாசம் எங்க பிளாண்ட் ஷட்டவுன்ப்பா, அம்மோனியா பக்கம் முழுக்க என் பொறுப்பு" என்று சொன்னாய். நான் வழக்கம்போல, "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. போனில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வரும். லாக் புக் எழுதிப் பழகிய கை.

நீ கெமிக்கல் இன்ஜினியர். நான் ஐ.டி.ஐ. முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்து ஷிப்ட் இன்சார்ஜாக ரிட்டயர் ஆனவன். பிளாண்டைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது எந்த வால்வை எப்போது மூடுவது என்று உங்கள் கம்பெனி புத்தகம் போட்டிருக்கும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது தரையில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஓடுகிற பிளாண்ட் ஒரு விதத்தில் சாது. எந்தக் குழாயில் என்ன போகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். நான் பயந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பிளாண்டை நிறுத்திய நாட்கள், இல்லாவிட்டால் மறுபடி கிளப்பிய நாட்கள். நிறுத்தியதும் சத்தம் அடங்கிவிடும் பார், அந்த அமைதிதான் ஆளை ஏமாற்றும். கம்ப்ரஸர் ஓடாதபோது எல்லோரும் சாதாரணக் குரலில் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைப்பார்கள். ஆபத்து வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். கோடை ஷட்டவுன். திரவ அம்மோனியா பம்ப் ஒன்றைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். லைனை இரண்டு பக்கமும் மூடி, உள்ளே இருந்ததை வென்ட் வழியே வெளியேற்றினோம். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் சரசரவென்று இறங்கியது. பத்து கிலோ, ஆறு, மூன்று, பூஜ்யம். நான் போய் கேஜைத் தட்டிப் பார்த்தேன். பூஜ்யம்தான். "ஜீரோ, கழற்றுங்க" என்று ஃபிட்டரிடம் சொன்னேன். சொன்னது நான்தான், அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அவர் குழாய் இணையும் ஃபிளாஞ்சில் இரண்டு போல்ட்டைத் தளர்த்திவிட்டார்.

அப்போதுதான் எங்கள் மூத்த ஆபரேட்டர் அந்தப் பக்கம் வந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கேஜை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து குழாயின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "ஏல, மே மாச வெயில்ல நிக்கிற குழாய்க்கு எதுக்குல குளிருது?" என்றார். பார்த்தால், தாழ்வான இடத்தில் பத்தடி நீளத்துக்குக் குழாயின் அடியில் வெள்ளையாக உறைபனி.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிப்பது. அழுத்தத்தை வேகமாக இறக்கினால் கொஞ்சம் ஆவியாகி, மிச்சமிருக்கும் திரவத்தைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். மைனஸ் 33க்கு வந்துவிட்டால் கேஜ் பூஜ்யம் காட்டும். உள்ளே திரவம் அப்படியே படுத்திருக்கும். அதே திரவம் அடைபட்ட குழாயில் 30 டிகிரிக்குச் சூடேறினால் கேஜ் பத்து கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கும் மேல் வாயுவாகும். ஃபிட்டரின் முகம் அந்த ஃபிளாஞ்சிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

அண்ணாச்சி போல்ட்டை இறுக்கச் சொன்னார். வென்ட்டை மூடச் சொன்னார். "டீ குடிச்சிட்டு வந்து பாரு" என்றார். வந்து பார்த்தபோது முள் நாலில் நின்றது.

அந்த ஃபிட்டரின் மகள் கல்யாணத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம், நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பந்தியில் அவரே வந்து என் இலையில் இன்னொரு வடை வைத்தார். அன்றைக்கு நான் சொன்ன 'ஜீரோ' அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. எனக்கு அந்த வடை இறங்கவில்லை.

அதனால், பாப்பா, பூஜ்யத்தை மட்டும் நம்பாதே. திரவம் படுத்திருந்தாலும் பூஜ்யம். கேஜுக்குப் போகும் சின்னக் குழாய் துருப்பிடித்து அடைத்திருந்தாலும் பூஜ்யம். கேஜின் வால்வை யாராவது மூடி வைத்திருந்தாலும் பூஜ்யம். கேஜ் செத்துப் போயிருந்தாலும் பூஜ்யம்தான். தாழ்ந்த இடத்து டிரெயின் வால்வைத் திறந்து பார், குழாயின் அடியைப் பார், வென்ட்டை மூடி வைத்து முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்கு இத்தனை பக்கம்? குக்கர் சத்தம் அடங்கினாலும் வெயிட்டைத் தூக்கிப் பாத்துட்டுத்தானே திறக்கிறோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சரிதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு. இரண்டு வால்வுக்கு நடுவே திரவத்தை முழுக்க அடைத்து வைத்துவிட்டுப் போவது. வெயில் ஏறினால் திரவம் விரியும், விரிய இடம் இருக்காது, குழாய்தான் விட்டுக்கொடுக்கும். மதியம் இரண்டு மணிக்கு வெடித்ததற்குக் காரணம் காலை ஆறு மணிக்கு ஒழுங்காக வால்வு மூடியவனாக இருப்பான்.

அம்மோனியாவைப் பற்றி ஒன்று சொல்வேன், அது நேர்மையான வாயு. உயிருக்கு ஆபத்து என்று வகுத்திருக்கும் 300 பி.பி.எம்.முக்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) வெகு முன்னாலேயே மூக்கையும் கண்ணையும் பிடித்து உலுக்கி, ஓடு என்று சொல்லிவிடும். உங்கள் பிளாண்டில் எனக்குப் பயம் சொல்லாமல் கொல்கிறவற்றைப் பற்றித்தான்.

மெத்தனேட்டரை எடுத்துக்கொள், வாயுவில் மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் பாத்திரம். உள்ளே நிக்கல் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி. 300 டிகிரி வாக்கில் ஓடும்போது ஒரு வம்பும் இல்லை. நிறுத்தும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே இருக்கவே அதை 200 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டால் நிக்கல் கார்பொனைல் என்ற கொடிய விஷம் உண்டாகும். மூக்கை நம்பி அதைப் பிடிக்க முடியாது. துளி அளவே நுரையீரலுக்குப் போதும். 200க்கு இறங்கும் முன்னே வாயுவைத் தடுத்து நைட்ரஜனால் சுத்தமாகத் துரத்தியாக வேண்டும். கன்ட்ரோல் பேனலில் உட்காரும் புதுப் பையன்களுக்கு இது வெறும் வெப்பநிலை எண்ணாகத் தெரியும். காரணத்தைச் சொல்லிவிட்டு உட்கார வை.

அம்மோனியா உண்டாகும் கன்வெர்ட்டரில் இருக்கும் இரும்புக் கேட்டலிஸ்ட் வேறு ரகம். அதற்குக் காற்று ஆகாது, பட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால் அதை நைட்ரஜனைப் போர்த்தித்தான் தூங்க வைப்பது. எரிவாயுவையும் ஸ்டீமையும் சேர்த்து ஹைட்ரஜன் எடுக்கும் ரிஃபார்மரில் முதலில் எரிவாயு ஃபீடை நிறுத்த வேண்டும், கடைசியில்தான் ஸ்டீமை, மாற்றிச் செய்தால் கேட்டலிஸ்ட்டில் கரி படியும். இதெல்லாம் நீ என்னைவிட நன்றாகப் படித்தது, விடு. ஹைட்ரஜன் மட்டும்: காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை பற்றும். அதனால் வாயுவும் காற்றும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கவே கூடாது, நிறுத்தும்போதும் சரி, கிளப்பும்போதும் சரி, நடுவில் நைட்ரஜன் நிற்க வேண்டும்.

அந்த நைட்ரஜனைத்தான் எல்லோரும் நல்லவன் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஷட்டவுன் ஒன்றில் ஒரு காண்ட்ராக்ட் பையன், நைட்ரஜன் நிரம்பிய பாத்திரத்தின் மேன்ஹோல் விளிம்பில் இருந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தான். உள்ளே இறங்கவில்லை, தலை மட்டும்தான் உள்ளே போனது. மூச்சுத் திணறவில்லை, இருமவில்லை, அப்படியே தொங்கிவிட்டான். பக்கத்தில் நின்றவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அவரும் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பேர். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட் ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் ஊரில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள்தான் அந்த வேலை செய்வார்கள் என்று சொன்னாய். உன் ஹிந்தியை அம்மா கிண்டல் செய்வாள்தான். செய்யட்டும். மேன்ஹோல் பக்கத்தில் நின்று அந்த ஹிந்தியில் நீயே அவர்களுக்குச் சொல்லு. யாராவது விழுந்தால் பி.ஏ. செட் (மூச்சுக் கருவி) மாட்டாமல் பின்னால் ஓடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லு. கண் முன்னே ஒருவன் விழுந்து கிடக்கும்போது அப்படிச் சும்மா நிற்பதுதான் மனுஷனுக்கு ரொம்பக் கஷ்டம்.

1984 டிசம்பரில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கேன்டீன் ரேடியோவில் போபால் செய்தி கேட்டோம். அப்போது எல்லோரும் ஏதோ ஓடிக்கொண்டிருந்த பிளாண்டில் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, மீதைல் ஐசோசயனேட் என்ற விஷப் பொருளின் உற்பத்தி அக்டோபரிலேயே நின்றிருந்தது. தயாரித்தது மட்டும் தொட்டியில் கிடந்தது, 40 டன் அளவுக்கு. அதைக் குளிராக வைக்க வேண்டிய யூனிட் மாதக்கணக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் ஓடாமல் ஸ்டாண்ட்பையில் இருந்தது. எரிக்க வேண்டிய பிளேருக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உற்பத்தி நின்றால் பிளாண்ட் நின்றுவிட்டது என்று எண்ணிய ஊர் அது. 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்திலும் ஊரடங்கில் சும்மா கிடந்த பிளாண்ட்தான். தொட்டியில் இருந்த ஸ்டைரீன் என்ற ரசாயனத் திரவம் தானே சூடேறி ஆவியாக வெளியேறி 12 பேர் இறந்தார்கள்.

அதனால் நிறுத்தும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கடைசிச் சொட்டு வெளியேறும் வரை ஸ்க்ரப்பர், பிளேர், குளிர்விக்கும் யூனிட், தண்ணீர்த் திரை எதையும் பராமரிப்புக்குக் கொடுக்க மாட்டேன். "அதுதான் பிளாண்ட் நிக்குதே, பிளேரையும் சேர்த்து முடிச்சிடலாம்" என்று மெயின்டனன்ஸ்காரர்கள் கேட்பார்கள். நல்ல மனுஷர்கள்தான், அவர்களுக்கு அவர்கள் அட்டவணை. நீ மாட்டேன் என்று சொல்லு.

மேலிடத்திலிருந்தும் போன் வரும். ஒரு நாள் தாமதத்துக்கு இத்தனை லட்சம் என்பார்கள். கத்த வேண்டாம். "கேஸ் டெஸ்ட் முடியல சார், முடிஞ்சதும் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போன் வந்த நேரத்தையும் நீ சொன்ன பதிலையும் லாக் புக்கில் எழுதி வை. எழுதுகிறாள் என்று தெரிந்தாலே பாதிப் போன் வராது. இது நான் அனுபவத்தில் கண்டது.

வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் முன்கூட்டிச் சொல்லச் சொல்லு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் என்ன நடந்தது என்று பார்த்தாய் அல்லவா? கப்பலிலிருந்து அம்மோனியா இறக்குவதற்கு முன் கடலடிக் குழாயைக் குளிரவைத்துக்கொண்டிருந்த நேரம் அதிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் நடுராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது நமக்குச் சின்ன விஷயம்.

வால்வை மூடிவிட்டோம் என்று யாரையும் உள்ளே இறக்காதே. பழைய வால்வு எல்லாம் பாஸாகும், மூடினாலும் கசியும். பிளைண்ட், அதாவது குழாயை அடைக்கும் தகடு, போட்ட பிறகுதான் ஆள். எங்கள் பிளாண்டில் ஒவ்வொரு பிளைண்டுக்கும் நம்பர் அடித்து, ஒரு பலகையில் ஆணி அடித்து டோக்கன் தொங்கவிடுவோம். போடும்போது டோக்கன் ஏறும், எடுக்கும்போது இறங்கும். ஒரு தடவை எல்லாம் எடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்ட பிறகு பலகையில் 37ஆம் நம்பர் மட்டும் தொங்கியது. இரவு முழுக்க டார்ச் அடித்துத் தேடினோம். விடியும்போது பைப் ராக் மேலே இன்சுலேஷனுக்குப் பின்னால் கிடைத்தது. உங்களுக்குக் கம்ப்யூட்டரில் லிஸ்ட் இருக்கும். இருந்தாலும் ஒரு பலகை செய்யச் சொல்லு, எல்லோர் கண்ணிலும் படும்.

அம்மா மக்ரூன் அனுப்பியிருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு சேர்த்தே பார்சல். உன் ஷிப்ட் ஆட்களுக்கும் கொடு. டப்பாவை உடனே மூடி வை, இல்லாவிட்டால் நமுத்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி அந்தப் பத்து நாளும் சமையலை அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லு. பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு இன்னொரு ஷிப்டும் பார்க்கிறேன் என்று போகாதே, அதற்கும் மாட்டேன் என்று சொல்லு.

எத்தனை பிளைண்ட் போட்டீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்று எனக்கு எழுது. எழுத நேரமில்லாவிட்டால், கணக்கு ஒத்துப்போன அன்றைக்கு ஒரு போன் பண்ணு. ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை. நைட் ஷிப்ட் பழக்கம் அப்பாவை இன்னும் விடவில்லை, முழித்துத்தான் கிடப்பேன்.

அன்புடன்,
அப்பா