பவரைக் கூட்டினா மட்டும் காணாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாங்க நிலாவெளிப் பக்கம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மகள் ஒன்லைன் கிளாஸுக்கு போனை ஜன்னல் கம்பியில கட்டி வைச்சுக்கொண்டு இருப்பா, சிக்னல் நாலு கோடும் காட்டும், ஆனா வீடியோ சுத்திக்கொண்டே நிக்கும். டவர்ல பவரைக் கூட்டினா சரி எண்டு ஆக்கள் சொல்றாங்க, அது பிழை. தகவலை எவ்வளவு வேகமா அனுப்பலாம் எண்டு அமெரிக்க கணிதவியலாளர் ஷனன் 1948ல போட்ட கணக்குப்படி சிக்னல் நல்லா இருக்கிற இடத்தில பவரை ரெண்டு மடங்காக்கினாலும் அலைவரிசை அகலத்தில ஒரு ஹேர்ட்ஸுக்கு செக்கனுக்கு ஒரு பிட் (தகவலின்ட ஆகச் சின்ன அலகு) அளவுதான் வேகம் கூடும். டவர், போன் ரெண்டு பக்கமும் நாலு நாலு அன்டனா வைச்சு, அலை சுவர் மரம் எல்லாம் பட்டுத் தெறிச்சு வேற வேற வழியால வந்தா ஒரு அன்டனாவை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு தகவல் போகும், இதை 90களில அமெரிக்காவின்ட பெல் லாப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில டெலட்டார், பொஷினி எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிட்டாங்க.

போனுக்குள்ள நிறைய அன்டனா வைக்க இடமில்லை. அதாலதான் கூட்டு முறை, பக்கத்துப் பக்கத்து டவர்கள் சேர்ந்து ஒரே பெரிய அன்டனாத் தொகுதி மாதிரி அனுப்புறது. இப்ப ஒரு டவரின்ட அலை மற்றதுக்கு இடைஞ்சல், சேர்ந்தா அதே அலை உதவி. மூதூருக்குப் போற வழியைப் பாருங்க, கொட்டியார் குடாவுக்கு மேலால நேரா போற அலைக்குத் தெறிக்க பெரிசா ஒண்டுமில்லை, ஒரே டவர்ல எத்தனை அன்டனா வைச்சாலும் முழுப்பலன் வராது, தள்ளித்தள்ளி இருக்கிற டவர்கள் சேர்ந்தாத்தான் தனித்தனி வழி கிடைக்கும்.

இதுக்கு டவருக்கு டவர் ஃபைபர் கேபிள் வேணும், நேரமும் துல்லியமா ஒத்துப்போகோணும். புது டவர் கட்டமுதல் இருக்கிற டவர்களுக்கு ஃபைபரை இழுங்க எண்டு சம்பந்தப்பட்டவங்களைத் தயவா கேட்டுக்கொள்றன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிலாவெளி, திருகோணமலை